தொடக்க வகுப்புகளில் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களும், வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோரும் இந்தப் பாடப்பகுதி குறித்து வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டைச் சார்ந்தவை. புதுச்சேரி ஆசிரியர்கள் ஆளுநர் என்ற இடத்தில் துணைநிலை ஆளுநர் என்றும், உறுப்பினர் எண்ணிக்கையைத் தங்கள் பேரவைக்கு ஏற்பவும் மாற்றிக்கொள்ளலாம்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அரசின் மூன்று துறைகள் புரியுமா?

பெயர்ப்பட்டியலாகக் கொடுத்தால் புரியாது. நியாயம் பற்றிய கேள்வியாகக் கொடுத்தால் நன்றாகவே புரியும். அந்த வயதுப் பிள்ளைகளிடம் மிகக் கூர்மையாக இருப்பது நியாய உணர்வுதான். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது மட்டை பிடிக்கும் அணியிலிருந்தே ஒருவர் நடுவராக நிற்பதும், அவர் "அவுட் இல்லை" என்று சொன்னவுடன் பந்து வீசும் அணி கொதித்தெழுவதும் அவர்கள் அன்றாடம் காணும் காட்சி. விதியை வகுப்பவர், அதை நடைமுறைப்படுத்துபவர், தகராறு வந்தால் தீர்த்துவைப்பவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருந்தால் என்ன கேடு விளையும் என்பதை அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே அறிந்ததற்குப் பெயர் சூட்டினால் போதும்.

வகுப்பு வாரியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. மூன்றாம் வகுப்பில் விதி, பொறுப்பு, புகார் என்ற மூன்று கருத்துகள் போதும். நான்காம் வகுப்பில் ஊராட்சி, நகராட்சி, மாவட்ட அலுவலகங்கள் ஆகியவற்றைப் பேசலாம். சட்டமன்றம், அமைச்சரவை, உயர் நீதிமன்றம் என்ற பெயர்களும் அவற்றுக்கிடையிலான உறவும் ஐந்தாம் வகுப்புக்கு உரியவை. மூன்றாம் வகுப்பிலேயே "மக்களவை உறுப்பினர்கள் 543 பேர்" என்று மனப்பாடம் செய்யவைப்பதால் விளையும் பயன் எதுவும் இல்லை.

பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

மதிய உணவுத் தட்டிலிருந்து. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்கு அரசு என்பது முதன்முதலில் கைக்கு எட்டும் வடிவம் அதுவே. "இந்தச் சோற்றை நமக்குத் தர வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு நாள் வராவிட்டால் யாரிடம் கேட்பது?" என்ற மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகள் சொல்லும் விடைகளையெல்லாம், தவறானவை உட்பட, திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். "சத்துணவு அமைப்பாளர்", "தலைமையாசிரியர்", "கலெக்டர்", "முதலமைச்சர்", "சாமி" என்று எல்லாம் வரும்.

அதன் பிறகு வரலாற்றைச் சொல்லலாம். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டம் வந்தது. இவை மாநில அரசின் முடிவுகள், அதாவது நிர்வாகத்தின் செயல்கள். ஆனால் அமைச்சரவை முடிவெடுத்தால் மட்டும் அரிசி வந்துவிடாது. அரசின் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்கச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையும், துறை வாரியாகச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகளும் அவையில் வைக்கப்பட்டு நிறைவேற்றப்பட்டால்தான் செலவு செய்ய முடியும். இந்தியாவின் வேறு பல மாநிலங்களில் சமைத்த உணவு வழங்கப்படாமல் இருந்த காலத்தில், 28 நவம்பர் 2001 அன்று உச்ச நீதிமன்றம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. பின்னர் நாடாளுமன்றம் 2013-இல் இயற்றிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பள்ளி உணவும் ஓர் உரிமையாக இடம்பெற்றது.

மூன்று துறைகளும் ஒரே தட்டில் கைவைத்திருக்கும் இந்த வரலாறு ஒரு பாடவேளைக்குப் போதுமானது. ஆண்டுகளை எழுதிப் போட வேண்டியதில்லை. வரிசை புரிந்தால் போதும். காலையும் மதியமும் பள்ளியிலேயே சாப்பிடும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதை இலவசம், கொடை என்ற தொனியில் பேசாமல் உரிமை என்ற தொனியில் பேசுவது ஆசிரியரின் பொறுப்பு.

இணையத்தில் கிடைக்கும் மூன்று கிளை மரத்தின் படத்தை அப்படியே பயன்படுத்தலாமா?

வேண்டாம். அந்தப் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்கப் பள்ளிகளுக்காக வரையப்பட்டவை. அங்கே அதிபர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அவருடைய அமைச்சரவையில் பதவி வகிப்பவர் அதே நேரத்தில் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் உறுப்பினராக இருக்க முடியாது. ஆகவே மூன்று கிளைகளையும் தனித்தனியாக வரைவது அந்த நாட்டுக்குப் பொருந்தும்.

நம் நாட்டில் நிலைமை ஏறத்தாழ நேர்மாறானது. அமைச்சராக இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும். உறுப்பினர் அல்லாத ஒருவர் அமைச்சராக நியமிக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் உறுப்பினராகாவிட்டால் பதவியை இழப்பார். அதாவது ஒரே மனிதர் இரண்டு துறைகளிலும் இருக்கிறார். கிளைகள் ஒன்றோடொன்று தொடாத மரத்தைக் காட்டிவிட்டு, அடுத்த நாள் "முதலமைச்சர் எந்தக் கிளை?" என்று ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியர் திணற நேரிடும்.

அதற்குப் பதிலாகக் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் வரைந்து சட்டமன்றம் என்று எழுதுங்கள். அதன் விளிம்பை வெட்டிச் செல்லுமாறு இரண்டாவது வட்டத்தை வரைந்து நிர்வாகம் என்று எழுதுங்கள். இரண்டும் மேற்படியும் சிறு பகுதியில்தான் முதலமைச்சரும் அமைச்சர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வட்டத்தின் எஞ்சிய பெரும் பகுதியில் செயலாளர்கள், மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர், காவலர், அரசு மருத்துவர், அரசுப் பள்ளி ஆசிரியர் எல்லோரும் வருகிறார்கள். ஆம், பாடம் நடத்திக்கொண்டிருக்கும் நீங்களும் நிர்வாகத் துறையில்தான் இருக்கிறீர்கள். இதைச் சொன்னால் வகுப்பு ஒரு கணம் வியந்து பார்க்கும். மூன்றாவது வட்டமான நீதித்துறையை மற்ற இரண்டையும் தொடாமல் சற்றுத் தள்ளி வரைய வேண்டும்.

மேற்படியும் பகுதியின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 இடங்கள் உள்ளன. முதலமைச்சரையும் சேர்த்து அமைச்சர்களின் எண்ணிக்கை பேரவையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2003-இல் அரசமைப்புச் சட்டத்தில் 91-ஆவது திருத்தம் கொண்டுவரப்பட்டது. 234-இல் 15 சதவீதம் எவ்வளவு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லலாம், 35.1 என்று வரும். மனிதரைப் பின்னமாக்க முடியாது என்பதால் 35 பேர் என்பதே உச்சவரம்பு. கணக்குப் பாடமும் குடிமையியலும் இவ்வளவு இயல்பாகச் சந்திக்கும் இடம் வேறொன்றைக் காண்பது அரிது.

இரண்டு துறைகள் இப்படிக் கலந்திருந்தால், ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்துவது எப்படி?

இதுவே இந்தப் பாடத்தின் மையக் கேள்வி. ஆசிரியர்கள் பலர் இதைத் தவிர்த்துவிட்டு மூன்று துறைகளின் வேலைகளை மட்டும் எழுதிப் போடுகிறார்கள். மூன்று வேலைகளைவிட, யார் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே பிள்ளைகள் மனத்தில் தங்க வேண்டியது.

தமிழ்நாடு சட்டமன்றம் கூடும் நாளில் பேரவைத் தலைவர் திருக்குறள் ஒன்றைப் படிக்க அவை தொடங்குகிறது. பின்னர் கேள்வி நேரம் வருகிறது. "எங்கள் ஊர்ப் பாலம் எப்போது கட்டி முடிக்கப்படும்?" என்று உறுப்பினர் கேட்பார், துறை அமைச்சர் எழுந்து விடை சொல்ல வேண்டும். எதிர்க்கட்சி உறுப்பினர் மட்டுமல்லாமல், ஆளுங்கட்சி உறுப்பினரும் கேட்கலாம். அமைச்சரவை முழுவதும் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. பேரவையின் நம்பிக்கையை இழந்தால் அந்த அமைச்சரவை பதவி விலக வேண்டும். உறுப்பினர்கள் அனைவரும் அவையில் இருந்து வாக்களித்தால் 118 பேரின் ஆதரவு ஒரு முதலமைச்சருக்குத் தேவை.

பேரவை நடவடிக்கைகளின் காணொளியில் கேள்வி நேரத்தின் ஐந்து நிமிடப் பகுதியைக் காட்டலாம். எந்தப் பகுதியைக் காட்டுகிறோம் என்பதை மட்டும் முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. எல்லா நாளும் அவை முன்மாதிரியாக நடந்துகொள்வதில்லை.

நீதித்துறையை எப்படி அறிமுகப்படுத்துவது? பிள்ளைகளுக்குத் திரைப்படத்தில் வரும் நீதிமன்றம் மட்டுமே தெரிகிறதே?

திரைப்படத்திலிருந்தே தொடங்கி, அதில் எவை உண்மையல்ல என்று சொல்லிக்கொண்டு வரலாம். நம் நீதிபதிகள் மரச் சுத்தியலால் மேசையைத் தட்டுவதில்லை. சாட்சி சொல்பவர் புனித நூலின் மீது கைவைத்து உறுதிமொழி எடுக்கும் காட்சியும் இன்றைய நடைமுறையில் இல்லை. கண் கட்டிய நீதிதேவதைச் சிலையை எல்லாப் பிள்ளைகளும் வரைவார்கள். உச்ச நீதிமன்றத்தில் 2024-இல் வைக்கப்பட்ட சிலைக்குக் கண்கட்டு இல்லை, வாளுக்குப் பதிலாகக் கையில் அரசமைப்புச் சட்டம் இருக்கிறது. இந்தச் செய்திகள் பிள்ளைகளின் கவனத்தை ஈர்க்கும். ஆனால் இவை கதவுதான். உள்ளே செல்ல வேண்டியது வேறு ஓர் இடத்துக்கு.

அந்த இடம், காவலரும் நீதிபதியும் ஒருவரல்லர் என்பது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளிடம் மிக ஆழமாக வேரூன்றியிருக்கும் தவறான எண்ணம் "போலீஸ் தண்டனை கொடுப்பார்" என்பதே. பெரியவர்கள் சாப்பிட மறுக்கும் குழந்தையைப் "போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று மிரட்டி வளர்ப்பதற்கும் இதில் பங்கு உண்டு. காவலர் நிர்வாகத் துறையைச் சேர்ந்தவர். பிடிப்பதும் விசாரித்து விவரம் திரட்டுவதும் அவர் பணி. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. குற்றம் செய்தாரா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவலருக்கு இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் வரி வசூலித்துக் காவலையும் மேற்பார்வையிட்ட மாவட்ட ஆட்சியரே குற்ற வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமும் பெற்றிருந்தார். அந்தக் கலப்பை நீக்க வேண்டும் என்பதற்காகவே நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என 50-ஆவது பிரிவு எழுதப்பட்டது. பிரிவு எண்கள் ஆசிரியருக்கு; பிள்ளைகளுக்குக் காரணம் மட்டும்.

நீதிமன்றம் பொதுவாக ஒருவர் வந்து முறையிட்டால்தான் செயல்படுகிறது என்பதையும், முடிவைச் சொல்லும்போது காரணத்தையும் எழுதுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கப்பட்டது. அதன் மதுரைக் கிளை 2004 முதல் இயங்கிவருகிறது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நீதிமன்றம் எது, அங்கே எடுக்கப்படும் முடிவு பிடிக்காவிட்டால் அடுத்து எங்கே செல்வது என்ற படிவரிசையை உள்ளூர்ப் பெயர்களோடு சொன்னால் நினைவில் நிற்கும்.

பிள்ளைகளின் வாழ்க்கையோடு ஒட்டிய நீதிமன்றத் தீர்ப்பு ஏதாவது உண்டா?

தீபாவளிப் பட்டாசு. காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்ற நேரக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்று ஆணையிட்டது. தமிழ்நாட்டில் விடியற்காலையிலேயே பண்டிகை கொண்டாடும் வழக்கம் இருப்பதால் மாநில அரசு நீதிமன்றத்தை அணுகியது. மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் நேரத்தை மாநிலமே முடிவு செய்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் ஆணையைத் திருத்தியது. அதன்படி அரசு அந்த இரண்டு மணி நேரத்தைப் பிரித்து அறிவித்தது. சிவகாசி, சாத்தூர் பகுதிப் பள்ளிகளில் பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். அங்கே தொழிலையும் சுற்றுச்சூழலையும் எதிரெதிராக நிறுத்தி விவாதம் நடத்துவதைவிட, யார் ஆணையிட்டார், யார் முறையிட்டார், யார் நேரத்தை அறிவித்தார் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்று துறைகளும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் நிகழ்வு ஒன்றை முழுமையாகச் சொல்லித்தர முடியுமா?

ஐந்தாம் வகுப்பில் ஜல்லிக்கட்டு வழக்கை எடுத்துக்கொள்ளலாம். இதைவிடப் பொருத்தமான ஒன்றைத் தமிழ்நாட்டில் கண்டுபிடிப்பது கடினம். காரணம், இதில் பந்து ஒரு துறையிடமிருந்து மற்றொரு துறைக்குப் பலமுறை கைமாறுகிறது.

தமிழ்நாடு சட்டமன்றம் 2009-இல் ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்றியது. விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்க நாடாளுமன்றம் 1960-இலேயே இயற்றிய சட்டத்தோடு அது முரண்படுகிறது என்று சொல்லி, 7 மே 2014 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. 2016 சனவரியில் மத்திய அரசு போட்டியை அனுமதித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதாவது நிர்வாகம் ஒரு வழி தேடியது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2017 சனவரியில் சென்னை மெரினா கடற்கரையிலும் மதுரை அலங்காநல்லூர் உள்ளிட்ட பல ஊர்களிலும் மாணவர்களும் பொதுமக்களும் நாள்கணக்கில் கூடியிருந்து போராடினார்கள். சட்டமன்றம் கூட்டத்தில் இல்லாத நேரம் என்பதால் 21 சனவரி 2017 அன்று ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். இரண்டே நாளில், 23 சனவரி அன்று, சட்டமன்றம் கூடி அதற்கு மாற்றாகச் சட்ட முன்வடிவை நிறைவேற்றியது. இம்முறை தனிச் சட்டம் இயற்றாமல், அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தையே தமிழ்நாட்டுக்குப் பொருந்தும் அளவில் திருத்தினார்கள்; அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. அதையும் எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 18 மே 2023 அன்று திருத்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இன்று வாடிவாசல் திறப்பதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அனுமதி, கால்நடை மருத்துவரின் பரிசோதனை, தடுப்பு வேலி, காவல் பாதுகாப்பு என்று நடப்பவை எல்லாம் நிர்வாகத்தின் வேலை.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி "யார் வென்றார்?" என்பதன்று. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் நிற்கவில்லை, 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏன் நின்றது என்பதே கேள்வி. நீதிமன்றம் காட்டிய குறையைச் சட்டமன்றம் எதிர்த்துக் கூச்சலிட்டுத் தீர்க்கவில்லை. வேறு முறையில் சட்டம் எழுதித் தீர்த்தது. விலங்குகள் துன்புறுகின்றன என்று வாதிட்டவர்களின் கவலையையும் ஒரு வரியில் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். வகுப்பில் காளை வளர்க்கும் வீட்டுப் பிள்ளை ஒன்று நிச்சயம் சண்டைக்கு வரும்; வரட்டும், அதுவும் பாடம்தான்.

ஆளுநரும் குடியரசுத் தலைவரும் எந்த வட்டத்தில் வருவார்கள்?

பெயரளவில் இரண்டிலும். மாநிலத்தின் நிர்வாக அதிகாரம் ஆளுநர் பெயரில் இருக்கிறது. அரசாணைகள் அவர் பெயரால் வெளியிடப்படுகின்றன. அதே நேரத்தில் 168-ஆவது பிரிவின்படி ஆளுநர் சட்டமன்ற அமைப்பின் ஒரு பகுதியும் ஆவார். அவை நிறைவேற்றிய சட்ட முன்வடிவு அவர் ஒப்புதலுக்குச் செல்லும். குடியரசுத் தலைவரின் இடமும் ஒன்றியத்தில், அதாவது மத்திய அரசில், இத்தகையதே. தொடக்க வகுப்புக்கு இவ்வளவு போதும். செய்திகளில் அடிபடும் ஆளுநர், மாநில அரசு மோதல்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், "ஒப்புதல் தருவது பற்றி அவர்களுக்குள் கருத்து வேறுபாடு, நீதிமன்றம் வரை சென்றிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு நகரலாம்.

வகுப்பறையில் செய்து பார்க்கத் தகுந்த செயல்பாடு எது?

தலைமையாசிரியரை முதலமைச்சராகவும் ஆசிரியர்களை அமைச்சர்களாகவும் காட்டும் பழைய முறையை விட்டுவிடுவது நல்லது. தலைமையாசிரியரை யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரைக் கேள்வி கேட்டுப் பதவியிலிருந்து இறக்கவும் பிள்ளைகளால் முடியாது.

பள்ளியில் உண்மையாகவே இருக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர்க் குழாயில் வரிசை நிற்பது, நூலகப் புத்தகம் திருப்பித் தருவது, விளையாட்டுப் பொருள்களைப் பகிர்வது என்று ஏதேனும் ஒன்று. வகுப்பிலுள்ள அனைவரும் இரகசிய வாக்களிப்பில் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்து விதி எழுதும் குழுவாக்கலாம். அந்த ஒன்பது பேரிலிருந்தே இருவர் பொறுப்பாளர்களாகி, வேறு நான்கு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டு விதியை ஒரு வாரம் நடைமுறைப்படுத்தட்டும். விதி எழுதாத, நடைமுறைப்படுத்தாத மூன்று பேர் புகார் கேட்கும் குழு. இந்த மூவரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்காமல் ஆசிரியரே நியமிக்க வேண்டும்; நம் நாட்டில் நீதிபதிகள் தேர்தலில் நின்று வருபவர்கள் அல்லர் என்பதைப் பின்னர் விளக்க அது உதவும்.

இரண்டு விதிகளை ஆசிரியர் கண்டிப்பாகக் காக்க வேண்டும். முதலாவது, ஒவ்வொரு நாளும் காலையில் ஐந்து நிமிடம் விதி எழுதிய குழு பொறுப்பாளர்களைக் கேள்வி கேட்க வேண்டும். பொறுப்பாளர் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டும். இரண்டாவது, புகார் குழு தானாகப் போய்த் தீர்ப்புச் சொல்லக் கூடாது. புகார் எழுத்தில் வர வேண்டும், இரு தரப்பையும் கேட்க வேண்டும், முடிவுக்கான காரணத்தை இரண்டு வரியாவது எழுத வேண்டும். புகார் குழுவில் இருப்பவரின் நெருங்கிய தோழர் மீதே புகார் வந்தால் அவர் விலகி, வேறொருவர் உட்கார வேண்டும். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் உண்மையாக யோசிக்கத் தொடங்குகிறார்கள் என்பது என் அனுபவம். "நான் நியாயமாகத்தான் சொல்வேன் மிஸ், எதுக்கு எழுந்து போகணும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்ல முயலும்போது வகுப்பு முழுவதும் பேசும்.

தண்டனையாக உக்கி போடச் சொல்வதையும் வரிசையிலிருந்து ஒருவரை முற்றாக விலக்குவதையும் தொடக்கத்திலேயே தடை செய்துவிடுங்கள். அதிகாரம் கிடைத்தவுடன் பிள்ளைகள் நம்மைவிடக் கடுமையானவர்களாகிவிடுவார்கள்.

உத்திரமேரூர்க் குடவோலை முறையை இந்தப் பாடத்தில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம்; ஆனால் முழு உண்மையையும் சேர்த்து. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை விவரிக்கின்றன. குடும்பு எனப்பட்ட ஊரின் 30 பிரிவுகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும் இடம் இது. பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மீண்டும் போட்டியிட முடியாது என்ற விதி, பதில் சொல்லும் கடமை என்ற நம் கருத்துக்கு நேரான சான்று.

அதே கல்வெட்டு, போட்டியிடுபவருக்கு நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டும் என்கிறது. அது அந்தணர் ஊர்ச்சபை. பெண்களுக்கும் உழுகுடிகளுக்கும் அதில் இடமில்லை. "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் மக்களாட்சி இருந்தது" என்று பெருமையோடு முடித்துவிட்டால், "எங்க வீட்டுல யாராவது அதுல இருந்திருக்க முடியுமா?" என்று மனத்துக்குள் கேட்கும் பிள்ளைக்கு நாம் விடை சொல்லாதவர்களாகிறோம்.

ஊராட்சி எந்தத் துறை? தேர்தல் ஆணையம் எந்தத் துறை?

ஊராட்சி என்பது துறை அல்ல, அடுக்கு. ஒன்றியம், மாநிலம், உள்ளாட்சி என்பவை மேலிருந்து கீழான அடுக்குகள். சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்பவை வேலைப் பிரிவுகள். இரண்டையும் ஒரே படத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிராம சபைக் கூட்டம் நடக்கும் நாளொன்றில், உதாரணமாக அக்டோபர் 2 அன்று, பெற்றோருடன் சென்று வேடிக்கை பார்த்துவரச் சொல்லலாம்.

தேர்தல் ஆணையம் அரசமைப்புச் சட்டம் உருவாக்கிய தனி அமைப்பு. அமைச்சரவையின் ஆணைக்குக் கட்டுப்பட்டதன்று. பிள்ளைகளின் பள்ளியே வாக்குச்சாவடியாகிறது, ஆசிரியரே வாக்குச்சாவடி அலுவலராகிறார், விரலில் வைக்கும் அழியாத மை மைசூரிலிருந்து வருகிறது என்பவை சொல்லத் தகுந்த விவரங்கள்.

கட்சி அரசியல் வகுப்புக்குள் நுழைந்தால் என்ன செய்வது?

நுழையும். கொடிக் கம்பங்களுக்கும் சுவர் விளம்பரங்களுக்கும் நடுவில் வளரும் பிள்ளைகள் அவர்கள். பதவியைப் பற்றிப் பேசும்போது பதவியின் பெயரையே பயன்படுத்துங்கள். இன்று அப்பதவியில் இருப்பவர் யார் என்று கேட்டால் ஒருமுறை தயங்காமல் சொல்லிவிட்டு மீண்டும் பதவியின் பெயருக்குத் திரும்புங்கள். ஒரு தலைவரைக் கேலி செய்யும் பேச்சையும் புகழ்ந்து முழங்கும் பேச்சையும் ஒரே அளவில் நிறுத்துங்கள். திட்டங்களைச் சொல்லும்போது வெவ்வேறு கட்சிகளின் ஆட்சிக் காலத்து எடுத்துக்காட்டுகள் கலந்து வருமாறு பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. மதிய உணவு வரலாறு அந்த வகையிலும் உதவுகிறது, ஏனெனில் காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க. ஆட்சிகள் மூன்றுக்கும் அதில் பங்கு உண்டு.

பிள்ளைகள் புரிந்துகொண்டார்களா என்று எப்படி மதிப்பிடுவது?

"அரசின் மூன்று துறைகள் யாவை?" என்ற கேள்விக்கு மனப்பாடமாக விடை வரும், அது எதையும் காட்டாது. சிறு நிகழ்வுகளைக் கொடுத்து, யாரிடம் செல்வது என்று கேளுங்கள். தெருவிளக்கு ஒரு மாதமாக எரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார். பள்ளிப் பேருந்துகளின் வேகத்துக்கு மாநிலம் முழுவதற்கும் புதிய சட்டம் வேண்டும். காவலர் ஒருவர் தவறாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரே சரியான விடை இருக்க வேண்டும் என்பதில்லை. வேலித் தகராறில் முதலில் அளந்து காட்டச் சொல்லி வட்டாட்சியர் அலுவலகத்துக்கும், தீராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்துக்கும் செல்ல வேண்டும் என்று ஒரு பிள்ளை எழுதினால் அதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

எழுதத் தடுமாறும் பிள்ளைகளிடம் வாய்மொழியாகக் கேட்டால் போதும். விடையோடு "அவர் செய்யாவிட்டால்?" என்ற துணைக் கேள்வியையும் கேளுங்கள், அதற்கு வேறொரு துறையின் பெயரைச் சொல்லி, ஏன் அங்கே செல்கிறோம் என்றும் சொல்லும் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று அடுத்த அலகுக்குச் செல்லலாம்.